மாரோ பே வரைக்கும்

படகுக்குப் பூஜை எப்படிப் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. புதுக் கார் என்றால் நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கலாம். படகுக்குச் சக்கரம் ஏது? என் கணவர் செந்திலோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்த பாலு அண்ணன், பக்கத்து ஊரான டப்ளினிலிருந்து தேங்காயும் கற்பூரமுமாக வந்திருந்தார். கடைசியில் அலமீடா படகுத்துறையின் சிமெண்ட் விளிம்பிலேயே தேங்காயை உடைத்தார். ஒரு மூடி தண்ணீரில் விழுந்து மிதந்துகொண்டே போனது.

"கடலுக்கே போய்ச் சேர்ந்துருச்சு. நல்ல சகுனமுங்க" என்றார்.

அவர் மனைவி சுமதி அக்கா புளியோதரை டப்பாவை என் கையில் திணித்தபடி காதோரம் சொன்னார்: "ஊர்ல இருக்கறவனெல்லாம் ஸ்டாக் ஆப்ஷன்ல வீடு மேல வீடு வாங்கறான். உன் வீட்டுக்காரரு என்னடான்னா வேலைய விட்டுப்போட்டு கடல்ல போறேங்கறாரு. நீயாவது சொல்லப்படாதா கோகிலா?"

சொல்லியிருந்தேன். எட்டு மாதமாகச் சொல்லியிருந்தேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் அது. கலிபோர்னியாவின் சான் ரமோனில், ஒரே ஆபீஸ் வளாகத்தில், எதிரெதிர் கட்டடங்களில் எங்கள் இருவருக்கும் வேலை. அவர் டெலிபோன் கம்பெனி ஒன்றில் ப்ரோக்ராம் எழுதினார். நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில், கார் மோதியவர்கள் போனில் அழுவதைக் கேட்டு டைப் பண்ணிக்கொண்டிருந்தேன். குழந்தைக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினோம். இனிமேல் வேண்டாம், உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா சொன்ன அந்த வாரத்திலேயே செந்தில் ஒரு படகுப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார்.

"யாருக்காக கோகி இந்த வீட்டைக் கட்டிக்கிட்டு அழுவறோம்? நமக்கு நல்ல ஸ்கூல் இருக்கற டிஸ்ட்ரிக்டா வேணும்? போலாம். மெக்சிகோ, அதுக்கு அங்கிட்டு, எங்க தோணுதோ அங்க."

கரூர்க்காரி நான், அமராவதி ஆற்றில் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்காதவள். ஆனால் குழந்தைக்கென்று மஞ்சள் பெயிண்ட் அடித்து வைத்திருந்த அந்த அறையைத் தாண்டித்தான் தினமும் பாத்ரூமுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த வீட்டை விடுவதற்குப் படகுதான் வழி என்றால் படகே சரி என்று நினைத்தேன். கிரைண்டரை சுமதி அக்காவுக்குக் கொடுத்தேன். சோபாவை யாரோ ஒரு சீனக் குடும்பம் தூக்கிப் போனது.

படகின் பெயர் பேட்ரிஷியா. முன்னால் வைத்திருந்தவருடைய மனைவியின் பெயராம். படகுக்குப் பெயர் மாற்றினால் ஆகாது என்று யாரோ செந்திலிடம் சொல்லிவிட்டார்கள். வாஸ்து, ராகுகாலம் எதையும் நம்பாத மனுஷன் அதை மட்டும் நம்பினார். ஆக, நான் குடியேறிய வீட்டில் இன்னொருத்தியின் பெயர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

கோல்டன் கேட் பாலத்தை அதுவரை மேலேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போய் போட்டோ எடுக்கும் இடம். அடியில் போகும்போது அது வேறு பாலம். துருவும் இரைச்சலும், மேலே லாரிகள் தடதடக்கும் சத்தமும். அதைத் தாண்டியதும் கடல் எங்களைத் தூக்கியது. பெரிய அலை என்றுகூடச் சொல்ல முடியாது. யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கியது. அதற்கே புளியோதரை வெளியே வந்துவிட்டது, முதலில் அவருக்கு, பிறகு எனக்கு.

எனக்கு மத்தியானத்துக்குள் நின்றுவிட்டது. அவருக்கு நிற்கவில்லை.

சாயங்காலம் ஹாஃப் மூன் பே துறைக்குள் போய்க் கட்டினோம். படகு ஆடாத இடத்திலும் எனக்குத் தரை ஆடியது. படகில் அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கும். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாத்திரம் நேராக நிற்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பாத்திரம் நேராகத்தான் நின்றது. நான்தான் சாய்ந்தேன். குக்கர் வைக்கப் பயந்து, தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் தின்றுவிட்டுப் படுத்தோம்.

மறுநாள் பக்கத்துப் படகில் ஒரு மீன்காரர். தாடியெல்லாம் உப்புப் பூத்த மனிதர். பிடித்துவந்த சிவப்பு மீன்களில் இரண்டை எங்களுக்குச் சும்மாவே கொடுத்தார். புளி கரைத்து, வறுத்து அரைத்து, மீன்குழம்பு வைத்தேன். அந்த வாசனைக்குத் துறையில் நாலு பேர் எட்டிப்பார்த்தார்கள். நான் கீழே பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க, மேலே மீன்காரர் செந்திலிடம் கேட்பது காதில் விழுந்தது.

"உங்க சம்சாரத்துக்கு இதெல்லாம் பிடிச்சிருக்கா?"

"பிடிக்கலை. ஆனாலும் கூட வருவா. எங்க ஊர்ப் பொம்பளைங்க அப்படித்தான்" என்று இங்கிலீஷில் பெருமையாகச் சொன்னார் என் கணவர்.

மீன்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். என்னைக் கேட்டிருந்தால் எனக்கும் இங்கிலீஷ் தெரியும்.

சாண்டா க்ரூஸ் போகிற வழியில்தான் முதன்முதலாகச் சுக்கான் என் கைக்கு வந்தது. யாரும் மனமுவந்து கொடுக்கவில்லை. அவர் வாளியை அணைத்துக்கொண்டு கீழே படுத்துவிட்டார், வேறு ஆள் இல்லை.

"சும்மா நேரா புடிச்சிட்டு இரு. எதையும் தொடாத" என்று கீழேயிருந்து கத்தினார்.

கொஞ்ச நேரம் எதையும் தொடவில்லை. பிறகு காற்று கொஞ்சம் திரும்பியது, பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. கயிற்றை ஒரு சாண் இழுத்துப் பார்த்தேன். சத்தம் நின்றது. படகு ஒருக்களித்துச் சாய்ந்து, சட்டென்று வேகம் எடுத்தது. சுக்கான் கட்டை என் உள்ளங்கையில் துடித்தது. அறுநூற்று எண்பதாம் நம்பர் ஃப்ரீவேயில் நான் கார் ஓட்டினால் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு "ப்ரேக், ப்ரேக்" என்பவர் இப்போது கீழே கண்ணை மூடிக் கிடந்தார். காற்று எந்தப் பக்கம் இருக்கிறது என்று என் கன்னத்துக்குத் தெரிந்தது. அடுத்த அலை எப்படித் தூக்கும் என்று இடுப்புக்குத் தெரிந்தது. பெலிக்கன் பறவைகள் வரிசையாக, தண்ணீரை ஒட்டிப் பறந்து போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து என் உடம்பை எதற்கும் லாயக்கில்லாத ஒன்றாகத்தான் நினைத்து வந்தேன். அது இதற்கு லாயக்காக இருந்தது.

துறைக்குள் நுழையும்போது அவர் எழுந்து வந்து சுக்கானை வாங்கிக்கொண்டார். "பரவால்லியே, நேராத்தான் புடிச்சிருக்கற" என்றார்.

மான்டரேயில் கடல்சிங்கங்கள். போட்டோவில் அழகு. பக்கத்தில் போனால் மழையில் நனைந்த கோழிப்பண்ணை நாற்றம், ராத்திரியெல்லாம் ஊளை. துணி துவைக்க லாண்ட்ரிக்குப் போனேன். உப்பு ஏறிய துணி தனியாகவே எழுந்து நிற்கும்போல இருந்தது. அங்கே ஒரு மெக்சிகோ அம்மாள் என்னை அவர்கள் ஊர்க்காரி என்று நினைத்து ஸ்பானிஷில் பேசினாள். நான் இந்தியா என்றதும் உடைந்த இங்கிலீஷுக்கு மாறினாள்.

"வீடு எங்கே?"

"தண்ணியில" என்று துறையைக் காட்டினேன்.

"ஐயோ, வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சா?"

"இல்லை, அவரே விட்டுட்டார். நானும்."

அவள் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் இரண்டு வேலை பார்ப்பவள். ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்துவிட்டு, சாயங்காலம் இன்னொரு ஓட்டலில் தட்டுக் கழுவுகிறாளாம். அந்த நிமிடம் அவள் முன்னால் கூசிப்போய் நின்றேன். ஆனாலும் அவள்தான் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று தெருமுனை வரை வந்து காட்டிவிட்டுப் போனாள்.

அங்கிருந்து தெற்கே பிக் சர் மலைகளின் ஓரம். அந்தக் கரையில் ஒதுங்க நல்ல துறை எதுவும் கிடையாது. ஒரு பகலும் ஒரு இரவும் விடாமல் போனால்தான் மாரோ பே. காலையில் கிளம்பினோம். மத்தியானத்துக்கே செந்தில் சுருண்டுவிட்டார். வாந்தி மட்டும் இல்லை, பயமும். அதை நான் அப்போதுதான் பார்த்தேன். பாறையில் அலை மோதும் சத்தம் கேட்டபோதெல்லாம் அவர் முகம் காகிதம்போல வெளுத்தது. பத்திரிகையில் இருந்த கடல் நீலமாக இருந்தது. இது சாம்பல் நிறம், பக்கத்தில் வந்து முகத்தில் அறைந்தது.

ராத்திரி முழுக்கச் சுக்கானை நான்தான் பிடித்தேன். பொழுது விடிந்தபோது தூரத்தில் மாரோ பாறை தெரிந்தது, யானை முதுகுபோல. அந்த நேரம் பார்த்து எஞ்சின் இருமியது, நின்றது. பழைய டாங்கின் அடியில் கிடந்த கசடெல்லாம் அலையில் கலங்கி டீசல் குழாயை அடைத்துவிட்டது என்பது பிற்பாடு தெரிந்தது.

"ஏனுங்க, எஞ்சின் நின்னுபோச்சு. மேல வாங்க!"

படிக்கட்டில் தலை தெரிந்தது. பாறையைப் பார்த்தார், அலையைப் பார்த்தார். "ரேடியோல கூப்புடு. கோஸ்ட் கார்டைக் கூப்புடு. என்னால ஆவாது கோகி" என்றார். அழுதார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. யாருக்கும் அழுகை வரும் இடம் அது.

ரேடியோவில் சொன்னேன். படகு அனுப்புகிறோம், அதுவரை கரையை விட்டு விலகி இருங்கள் என்றார்கள். ஆனால் காற்று எங்களைப் பாறைப் பக்கம்தான் தள்ளியது. பெரிய பாயைக் கொஞ்சம் சுருக்கிக் கட்டினேன். காற்றை முதுகில் வாங்கி, பாறையைச் சுற்றிக்கொண்டு, அலையைத் தடுக்கக் கட்டிய கல்சுவர் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் துறை வாசலைப் பார்த்துத் திருப்பினேன். வலப்பக்கம் அலை உடைந்து வெள்ளையாகச் சரிந்தது. ஒரு அலை பின்னால் வந்து படகைத் தூக்கியபோது மாரியாத்தா என்று கத்தினேன். அலை எங்களை உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டுத் தாண்டிப் போயிற்று.

உள்ளே காற்று செத்துவிட்டது. காவல் படகு வந்து கயிறு வீசியது. அதிலிருந்த ஆள் எங்களைப் பார்த்துக் கை உயர்த்தினார்.

"எஞ்சின் இல்லாம இந்த வாசல்ல நுழையறது சாமானியம் இல்லை. பிரமாதம், கேப்டன்!"

என் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். சுக்கான் என் கையில் இருந்தது. செந்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். அவரும் கையை உயர்த்தி, "தேங்க் யூ" என்றார்.

மாரோ பேயில் எஞ்சின் ரிப்பேருக்காகக் காத்திருந்தோம். மெக்கானிக் இன்றைக்கு வருகிறேன் என்பார், மறுநாள் வருவார், பார்த்துவிட்டு ஏதோ ஒரு பார்ட் வர வேண்டும் என்று போய்விடுவார். நம் ஊர் மெக்கானிக்குக்கும் அவருக்கும் வித்தியாசம் ஒன்றுதான், இவர் டீ கேட்கவில்லை.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு வாரம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. காலையில் நீர்நாய்கள் வயிற்றின்மேல் சிப்பி வைத்து உடைத்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பேன். கிழிந்த பாயை உட்கார்ந்து தைத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய தையல் ஊசியே போதுமானதாக இருந்தது. அடுத்து எந்தத் துறை, எந்தக் காற்றில் கிளம்புவது என்று வரைபடத்தை விரித்து விரலால் ஓட்டிப் பார்ப்பேன். செந்தில் தினமும் துறை முனையிலிருக்கும் போன் பூத்துக்குப் போய்வந்தார். பார்ட்டுக்காகப் பேசுகிறார் என்று நினைத்தேன். முகம் தெளிந்து, நன்றாகச் சாப்பிட்டார். நானும் சந்தோஷப்பட்டேன்.

ஒரு மத்தியானம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து, உள்ளே வரலாமா என்று கேட்டார்கள். துறையில் அப்படி யாராவது வருவது சகஜம். இஞ்சி தட்டி டீ போட்டேன். தட்டில் முறுக்கு வைத்தேன். அந்தப் பெண் அலமாரிகளைத் திறந்து திறந்து பார்த்தாள். அமெரிக்காவில் இப்படிக்கூட நாகரிகம் இல்லாதவர்கள் உண்டா என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் அவள் அடுப்பைத் தொட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி கேட்டாள்:

"இந்த அடுப்பும் படகோட சேர்த்துத் தானே?"

"எதோட?"

"விலையில. உங்க ஹஸ்பண்ட் எல்லாமே அப்படியே விட்டுட்டுப் போறதா சொன்னார்."

அவள் கணவன் அவளை முழங்கையால் இடித்தான். நான் டீத் தம்ளர்களை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன்.

அவர்கள் போனபின் செந்தில் வந்தார். மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

"மேனேஜர் வா வாங்கறான் கோகி. ரெண்டாயிரத்துக்குத் தேதி மாத்தற ஒய்டுகே வேலை தலைக்கு மேல கெடக்குதாம், ஜனவரிக்குள்ள முடிக்கணும். அதுக்கப்புறம் புது ப்ராஜெக்டுக்கு லீடு. அதான் படகு விலைக்குன்னு துறை ஆபீஸ்ல சொல்லி வெச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே."

"சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தேன். உனக்குத்தான் மொதல்லருந்தே புடிக்கலியே. எனக்காகத்தான வந்த? சரி, உனக்காக நான் விடறேன்னு வெச்சுக்க."

"எனக்குப் புடிச்சிருக்குதுங்க."

"சும்மா எனக்காகச் சொல்லாத."

"நெசமாத்தான் சொல்றேன். நான் ஓட்டறேன். நீங்க கீழயே படுத்துக்கங்க. சான் டியாகோ வரைக்காவது போலாம்."

அவர் என் தோளைத் தட்டினார், அடம் பிடிக்கும் குழந்தையைத் தட்டுவதுபோல. "அன்னிக்கு அந்த வாசல்ல தப்பிச்சதே அதிர்ஷ்டம். ஒவ்வொரு தடவையும் அதிர்ஷ்டம் வருமா?"

அதிர்ஷ்டம் என்றார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசம் மட்டும் வைத்தேன், உப்புப் போட மறந்துபோனேன். அவர் அப்படியே சாப்பிட்டார்.

எஞ்சின் சரியானதும் அந்தத் தம்பதி, வாங்குவதற்கு முன் ஒருமுறை வெளியே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்கள். வாசலைத் தாண்டுவது என்றதும் செந்திலுக்கு வியர்த்தது. வயிறு சரியில்லை என்று கரையிலேயே நின்றுவிட்டார். "கோகி, நீ கொஞ்சம் காட்டிரு" என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். பாயை ஏறுக்கு மாறாகக் கட்டி, படகு ஓடாத மாடு என்று அவர்களை நம்பவைத்திருக்கலாம். அப்படி நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். ஆனால் பாறையைத் தாண்டிக் காற்று பாயில் விழுந்ததும் என் கை கேட்கவில்லை. படகை அதற்கு எப்படிப் பிடிக்குமோ அப்படித்தான் ஓட்டியது. திருப்பத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தளத்தில் விழவில்லை. அந்தப் பெண் கை தட்டினாள். அவளுக்கு முடி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

துறையில் இறங்கியதும் அவள் கணவன் செந்திலின் கையைக் குலுக்கினான்.

"எவ்வளவு அடக்கமான படகு! உங்க மனைவியே இவ்வளவு லேசா ஓட்டறாங்கன்னா, எங்களுக்கு ஒரு கஷ்டமும் இருக்காது."

வாடகைக் காரில் திரும்பினோம். நாள் நாளாக, துறை துறையாகக் கடந்த தூரத்தை அந்த ஃப்ரீவே ஒரு மத்தியானத்தில் விழுங்கிவிட்டது. வழியில் ஒரு பர்கர் கடையில் நிறுத்தினார். உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டே, "ஆடாம உக்காந்து சாப்புடறது எவ்வளவு சொகம் பாரு" என்றார். காரின் இருபக்கமும் காய்ந்த மலைகள். கடல் இருக்கும் திசை எது என்று என் கன்னம் தேடிக்கொண்டே வந்தது, ஏசி காற்றில்.

மறுபடி சான் ரமோன், இந்தமுறை ஒரு அபார்ட்மெண்ட். பழைய நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் எனக்கும் வேலை கிடைத்தது. விருந்துகளில் செந்தில் கடல் கதை சொல்வார். எஞ்சின் நின்ற கதையைச் சொல்லும்போது "நாங்க" என்று ஆரம்பிப்பார், வாசல் வரும்போது அது "நான்" ஆகிவிடும். பொய் சொல்லவேண்டும் என்று சொல்வதில்லை. கேட்பவர்கள் அவர் முகத்தைத்தான் பார்த்துக் கேட்கிறார்கள். "கோகிலா பாவம், பயந்தே போயிருப்பா" என்று சுமதி அக்கா பஜ்ஜித் தட்டை என் பக்கம் நகர்த்துவார்.

இரண்டாயிரத்து ஒன்றில் கம்பெனிகள் சரிந்தன. பாலு அண்ணனுக்கு முதலில் வேலை போயிற்று, பிறகு செந்திலுக்கு. ஒரு அட்டைப்பெட்டியோடு பகல் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்தார். சில வாரங்கள் சோபாவிலேயே கிடந்தார். ஒரு சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னார்:

"அந்தப் படகை வித்திருக்கப்படாது கோகி. நீதான் அன்னிக்குப் பிடிவாதமா வேண்டாம்னு சொல்லியிருக்கணும்."

நான் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன். காரை எடுத்துக்கொண்டு அலமீடாவுக்குப் போனேன். துறையில் ஒரு பலகையில், சனிக்கிழமைப் பந்தயங்களுக்கு ஆள் தேவை என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். படகுக்காரர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், சுடிதாரையும் ஆபீஸ் பேட்ஜையும்.

"செயில் பண்ணத் தெரியுமா? எங்க கத்துக்கிட்டீங்க?"

"கொஞ்ச தூரம் போயிருக்கேன்" என்றேன். "மாரோ பே வரைக்கும்."

"யார் கூட?"

"ஒரு பேசஞ்சர் கூட வந்தார்" என்றேன்.